இரண்டாம் கட்டில் நின்ற ஃபிரிட்ஜ்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில், தூணை ஒட்டி, 2022 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு ஃபிரிட்ஜ் நின்றது. வேலை செய்யாத ஃபிரிட்ஜ். எங்களுடையதும் இல்லை. விற்ற கடை அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை, தயாரித்த கம்பெனியும் கேட்கவில்லை. அதை என்ன செய்ய எங்களுக்கு உரிமை இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் ஆத்தா (எங்கள் பக்கம் அம்மாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) வாரம் ஒரு முறை அதைத் துடைத்து வைத்தார். "அடுத்தவுக சாமான். தூசி அடைஞ்சு கெடந்தா நமக்குத்தான் கேவலம்" என்பார்.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே நிலைமையைப் பார்த்தேன். ஒரு வீட்டில் மெத்தை, இன்னொன்றில் வாஷிங் மெஷின். இரண்டுக்கும் மாற்றுப் பொருள் ஒழுங்காக வந்துவிட்டது. பழையதை எடுக்கத்தான் யாரும் வரவில்லை. இரண்டு வீட்டிலும் தனியாக இருப்பது எழுபது தாண்டிய ஆச்சிமார்கள். "இதை நாங்க என்னத்தா செய்யிறது?" என்று கேட்டார்கள். நின்றபடியே பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஃபிரிட்ஜை காரைக்குடியில் வாங்கினோம். 2022 ஜூன், விலை 27,800 ரூபாய், பில் ஆத்தா பெயரில். பதினோராம் நாள் கீழ்த்தட்டில் குளிர்ச்சி போய்விட்டது, பால் திரிந்தது. மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போனார். நான்கு நாளில் பழையபடி ஆனது. மூன்றாம் முறை வந்தவர், உள்சுவருக்குள்ளேயே கசிகிறது, இதைத் திறந்து சரிசெய்ய முடியாது என்று எழுதிக் கொடுத்தார். கடையில் வாதாடவில்லை. பத்து நாளில் புதியது தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். அந்த அளவில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குட்டியானை வண்டியில் புதிய ஃபிரிட்ஜ் வந்தது. இரண்டு பையன்கள் இறக்கினார்கள். அடுப்படி வாசலில் புதியதை வைத்துவிட்டுப் பழையதை இரண்டாம் கட்டுக்கு நகர்த்தினார்கள். "பழசை ஏத்திக்கிட்டுப் போங்கப்பா" என்று ஆத்தா சொன்னார். வண்டியில் கானாடுகாத்தானுக்கும் கோட்டையூருக்கும் சாமான் இருக்கிறது, இடம் இல்லை என்றார்கள். அப்புறம் அவர்களில் பெரியவன் சொன்னான்: "இம்புட்டுப் பெரிய வீடு ஆச்சி. ஒரு ஓரமாக் கெடக்கட்டும். ரெண்டு நாள்ல வண்டி வரும்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் இந்தச் சொல்லை எங்கள் பக்கத்து வீடுகள் எவ்வளவோ காலமாகக் கேட்டுவருகின்றன. பந்தல்காரர் மூங்கிலைப் போட்டுவிட்டுப் போவார், வெள்ளை அடிக்க வந்தவர் சாரத்தை விட்டுவிட்டுப் போவார், எல்லாருக்கும் கண்ணில் படுவது முகப்பிலிருந்து பின்தெரு வரை நீளும் வீடுதான். அதற்குள் இருப்பது ஒரே ஓர் ஆள் என்பது படுவதில்லை. இன்னொன்றும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எங்கள் வீடு நாலு புள்ளிக்கு, அதாவது நாலு குடும்பத்துக்கு, பொது. வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றிய அறைகள்தான் ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தவை, சாவி அவரவரிடம். நடுவில் இருக்கிற திறந்த இடமெல்லாம் எல்லாருக்கும் சொந்தம். ஆத்தா "சரி, இருக்கட்டும்" என்று சொன்ன இடம் ஆத்தாவுக்கு மட்டும் சொந்தமான இடமே இல்லை.

அது தை மாதத்தில் தெரிந்தது. பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டுக் கல்யாணத்துக்கு எல்லாரும் வந்து இறங்கினார்கள். இரண்டாம் கட்டில்தான் பந்தி. ஃபிரிட்ஜ் நடுவழியில் நிற்கிறது. ஆள் பிடித்து மூன்றாம் கட்டுத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினோம், கல்யாணம் முடிந்து சாரல் அடித்தபோது நனையக்கூடாதே என்று மறுபடி உள்ளே கொண்டுவந்தோம். இரண்டு ஆள் கூலி, இரண்டு தடவைக்கும் சேர்த்து 600 ரூபாய். அந்தச் செலவை ஆத்தா தன் நோட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதினார், கடையின் பெயரைத் தலைப்பில் போட்டு. பற்று, 600. அப்போது அதைப் பார்த்து நான் ஒன்றும் நினைக்கவில்லை. பின்னால் அந்தப் பக்கம்தான் எங்களுக்கு உதவியது.

பங்குனி வரையான எட்டு மாதத்தில் நாங்கள் போன் செய்யாமல் இல்லை. கடைக்கு ஆத்தா பதினைந்து தடவையாவது பேசியிருப்பார், நான் சென்னையிலிருந்து ஏழெட்டுத் தடவை. கடையில், "கம்பெனி வண்டிதான் வந்து எடுக்கணும்" என்பார்கள். கம்பெனியின் சர்வீஸ் எண்ணில், "உங்கள் டீலர்தான் எடுக்க வேண்டும்" என்பார்கள். ஒரு முறை கடையிலேயே ஒருவர் ஆத்தாவிடம், "நீங்களே ஒரு வண்டி பிடிச்சு அனுப்பிடுங்களேன் ஆச்சி" என்றார். எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை இதே தொழிலில் இருக்கிற ஒரு உறவினர் பிறகு விளக்கினார். குறையுள்ள பொருளுக்குக் கம்பெனி ஒப்புதல் தந்ததும் டீலர் தன் கையிருப்பிலிருந்து புதியதைக் கொடுத்துவிடுவார். அந்த விலையைக் கம்பெனி அவருக்குக் கிரெடிட் நோட்டாக, அதாவது அவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டாக, தரும். சில கம்பெனிகள் பழைய பொருள் குடோனுக்கு வந்து சேர்ந்தால்தான் கிரெடிட் நோட் போடும். அப்படியானால் டீலர் மறுநாளே வண்டி அனுப்புவார். சில கம்பெனிகள் மெக்கானிக்கின் அறிக்கையையும் சீரியல் நம்பர் போட்டோவையும் வைத்தே கணக்கை முடித்துவிடும். அந்த இடத்தில் பழைய பொருள் யாருக்கும் வேண்டாத பொருளாகிவிடுகிறது. பள்ளத்தூருக்கு வண்டி அனுப்பினால் வாடகையும் ஆள் கூலியும்தான் மிச்சம். எடுக்காமல் விட்டால் அந்தச் செலவு இல்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியை நினைத்துப் பாருங்கள். வாரண்டியில் பேட்டரி மாற்றிக் கொடுக்கும் எந்தக் கடைக்காரரும் பழைய பேட்டரியை வீட்டில் விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை. பழையது கைக்கு வந்த பிறகுதான் புதியதையே இறக்குவார். அதற்குள் ஈயம் இருக்கிறது, ஈயத்துக்கு விலை இருக்கிறது. பேட்டரிக்கு வண்டியில் எப்போதும் இடம் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்கும் மெத்தைக்கும்தான் இடம் இல்லாமல் போகிறது.

பங்குனியில் பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர் வந்தார். தெருவில் சைக்கிளில் போகிறவர் எட்டிப் பார்த்து, 1,800 ரூபாய் தருகிறேன் என்றார். கம்ப்ரஸருக்காகத்தான். நான் ஊரில் இருந்தேன். உள்ளபடியே சொல்கிறேன், கொடுத்துவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எட்டு மாதமாக யாரும் கேட்காத பொருள், கொடுத்தால் இடமாவது மிஞ்சும்.

ஆத்தா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். "நம்ம சாமானா அது?"

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீடுகளில் சாமான் எப்படிப் புழங்குகிறது என்று சொல்ல வேண்டும். சீராக வந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். பெண்ணுக்குக் கொடுத்த சாமானுக்குப் பட்டியல் உண்டு. அது கணவன் வீட்டில் ஐம்பது வருடம் இருந்தாலும் பெண்ணின் சாமான்தான். ஒரு வீட்டு அண்டா விசேஷத்துக்குப் போய் இன்னொரு வீட்டு அறையில் இரண்டு தலைமுறை கிடந்திருக்கிறது. கிடந்ததால் அது அந்த வீட்டுடையது ஆகிவிடவில்லை. எழுத்தைப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள். பொருள் எங்கே இருக்கிறது என்பது வேறு, யாருடையது என்பது வேறு என்பது ஆத்தாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் அதே ஆத்தா, அண்டாவை இரவல் வாங்கியவர்தான் திருப்பிக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதிலும் கறாரானவர். "அவுக சாமானை அவுகதான் வந்து எடுக்கணும். அதுக்கு நாம என்ன பண்ணணும்னு கேட்டுட்டு வா" என்றார்.

கேட்கப் போனது தேவகோட்டைக்கு. கூடப் படித்த தோழி அங்கே வழக்கறிஞர். அன்று மதியம் அவள் சொன்னதையும், பிறகு நானே சட்டங்களை எடுத்துப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

புதிய பொருளை நாம் ஏற்றுக்கொண்டவுடன் பழையது விற்றவருக்குத் திரும்பிப் போய்விடுகிறது, நம் வீட்டில் இருந்தாலும். அன்றிலிருந்து நாம் அதன் உரிமையாளர் இல்லை, பொறுப்பில் வைத்திருப்பவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இப்படி வைத்திருப்பவருக்கு ஒரு அளவு சொல்கிறது. சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொண்டால் போதும். பிரிவு 151. அவ்வளவு கவனம் எடுத்தும் பொருளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாம் பொறுப்பு இல்லை என்பது அடுத்த பிரிவு. ஆத்தா வாரம் ஒரு முறை துடைத்ததும், சாரலில் நனையாமல் உள்ளே வைத்ததும் சட்டம் கேட்டதற்கு மேலேயே.

இனி, கடையில் ஒருவர் எங்களையே வண்டி பிடித்து அனுப்பச் சொன்னாரே, அதற்குப் பதில். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 43. உரிமையோடு மறுத்த சரக்கை விற்றவரிடம் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமை, வேறு விதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், வாங்கியவருக்கு இல்லை. மறுத்துவிட்டேன் என்று தெரிவித்தால் போதும். மாற்றிக் கொடுக்கக் கடையே சம்மதித்த பொருளுக்கும் இதே நியாயம்தான் என்றாள் தோழி. எடுத்துப் போவது அவர்கள் வேலை.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நான் படித்தபோது ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதில் நேர்மையற்ற வணிக நடைமுறை என்னென்ன என்று பிரிவு 2(47) சொல்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது அதில் ஒன்று. பில்லில் போட்ட காலத்துக்குள், பில்லில் எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள். பணம் திரும்பக் கேட்பவர்களுக்காக எழுதிய விதிதான், எங்களுக்குப் பணத்துக்குப் பதில் பொருள் வந்துவிட்டது. ஆனாலும் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுப்பது விற்றவரின் வேலை என்று சட்டமே நினைக்கிறது என்பது அந்த வரியில் தெரிகிறது. கடிதத்தில் 30 நாள் கெடு வைக்கலாம் என்ற எண்ணம் எனக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஊரில் எல்லாரும் நம்புகிற ஒரு விஷயத்தைத் தோழி உடைத்தாள். ஆறு மாதம் கேட்கவில்லையென்றால் நமக்கே சொந்தம், ஒரு வருடம் ஆனால் நமக்கே சொந்தம் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில், ஒருவரிடம் வைத்த அசையும் பொருளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம் உண்டு. அந்த மூன்று வருடம் எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பொருளை வைத்த நாளில் இல்லை. அவர்கள் வந்து கேட்டு, நாம் தர மாட்டேன் என்று சொன்ன நாளில். அவர்கள் கேட்கவே இல்லையென்றால் கணக்கே தொடங்கவில்லை. அடுத்தவர் பொருள் என்று தெரிந்தே, ஏமாற்றும் எண்ணத்தோடு விற்றுக் காசாக்கினால் அது குற்றமாகவும் போகலாம். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 314. அந்த 1,800 ரூபாயை ஆத்தா வாங்கவிடாமல் தடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்படியானால் காலம் முழுக்க வைத்திருக்க வேண்டியதுதானா? இதில் நம் சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. தெருவில் பொருளைக் கண்டெடுத்தவர் எப்போது அதை விற்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அடகு பிடித்தவர் எப்போது விற்கலாம் என்றும் சொல்கிறது. கடைக்காரர் விட்டுவிட்டுப் போன பொருளோடு நிற்கிற ஆச்சிக்கு அந்தச் சட்டத்தில் அப்படி நேரான வரி இல்லை. லண்டனில் இருக்கும் என் அம்மான் மகன் வீட்டில் இதேபோல் ஒரு சோபா நின்றது. அங்கே இதற்கென்று 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பொருளை எடுத்துப் போகக் கடமைப்பட்டவர் எடுக்கவில்லையென்றால், எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, நியாயமான காலம் காத்திருந்து, விற்கலாம். விற்கப்போவதாகச் சொல்லும் கடிதம் தபாலில் போனால் பதிவு செய்துதான் போக வேண்டும். விற்ற பணத்தில் விற்பனைச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை உரியவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரியை ஆத்தாவிடம் படித்துக் காட்டினேன். "அதுதான் நியாயம்" என்றார். நம் நாட்டிலும் இப்படி ஒரு வரி எழுதப்பட வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

அந்த வரி இல்லாத இடத்தில் கடிதம்தான் வேலை செய்ய வேண்டும். நாம் ஏமாற்றவில்லை, கூப்பிட்டோம், காத்திருந்தோம் என்பதற்கு அதுதான் சாட்சி. தோழி சொன்னதைக் கேட்டு, ஆத்தா பெயரில், பில்லில் இருக்கிற அதே பெயரில், நான் எழுதிக்கொடுத்தது ஏறக்குறைய இதுதான்:

"தங்கள் கடையில் இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில் வாங்கிய ஃபிரிட்ஜ் குறையுள்ளதாகத் தங்கள் மெக்கானிக்கால் எழுதித் தரப்பட்டு, இன்ன தேதியில் மாற்றித் தரப்பட்டது. குறையுள்ள பழைய ஃபிரிட்ஜ், சீரியல் நம்பர் இன்னது, தங்களுடைய உடைமையாக என் வீட்டில் உள்ளது. பலமுறை தொலைபேசியில் சொல்லியும் எடுத்துச் செல்லவில்லை. இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள், காலை 10 மணியிலிருந்து மாலை 5 மணிக்குள் எந்த நாளிலும் வந்து எடுத்துச் செல்லலாம். முதல் நாள் தெரிவித்தால் போதும். இதுவரை இதை நகர்த்திப் பாதுகாக்க ஆன செலவு 600 ரூபாயைத் தர வேண்டுகிறேன். 30 நாளுக்குள் எடுக்காவிட்டால், தங்களுக்கு இப்பொருள் தேவையில்லை என்று கருதி, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைப்பேன். அதில் ஏதாவது தொகை கிடைத்தால் என் செலவு போக மீதியைத் தங்களுக்கு அனுப்புவேன்."

600 ரூபாயைக் கேட்டது சும்மா இல்லை. கூலி வாங்காமல் ஒரு பொருளை வைத்திருப்பவருக்கு அதற்காக ஆன அவசியச் செலவைப் பொருளுக்கு உரியவர் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 158-ஆம் பிரிவு சொல்கிறது. ஆத்தாவின் நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கடிதத்தோடு வைத்தோம். இடத்துக்கு வாடகை கேட்கலாமா என்று தோழியிடம் கேட்டேன். முன்கூட்டியே பேசாத வாடகையை எதிர்பார்க்காதே, வேண்டுமென்றால் கெடு முடிந்த பிறகு நாளுக்கு இவ்வளவு என்று கடிதத்திலேயே சொல்லி வை, பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்படி ஆனால் நஷ்டஈடு கேட்கும்போது உதவும் என்றாள். ஆத்தா அதை எழுத வேண்டாம் என்றுவிட்டார்.

மின்கழிவு என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் ஃபிரிட்ஜைக் கழிக்கிற விதத்தை நான் காரைக்குடியில் பார்த்திருக்கிறேன். கம்ப்ரஸர் குழாயை வெட்டுவார்கள், கேஸ் காற்றில் போகும், உள்ளே இருக்கிற ஃபோமைக் கொளுத்துவார்கள். எங்கள் ஃபிரிட்ஜின் பின்னால் இருந்த ஸ்டிக்கரில் ஆர்600ஏ என்று இருந்தது. அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கக்கூடிய வாயு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிற மின்கழிவு விதிகளின்படி இப்படிப்பட்ட பொருளின் கடைசிப் பொறுப்பு தயாரித்த கம்பெனியின் மேல் வருகிறது, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாக. இதையும் கம்பெனிக்கு அனுப்பிய நகலில் ஒரு வரி சேர்த்தேன். இன்னொன்று, பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யாத ஃபிரிட்ஜ் வீட்டில் நின்றால் கதவைக் கயிற்றால் கட்டி வையுங்கள், அல்லது கதவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஒளிந்து விளையாட இடம் தேடுவார்கள்.

கடிதத்தை 2023 ஆகஸ்டில் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். இப்போது பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அதில் அனுப்பி, கிடைத்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கெடு முடிந்தும் வராவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருந்தோம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழில் பேசலாம். அதற்கும் அசையவில்லையென்றால் சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, ஆனால் பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். மனு கொடுப்பவர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. பில் என் பெயரில் இருந்திருந்தால் சென்னையிலேயே கொடுத்திருப்பேன். ஆத்தா பெயரில் இருந்ததால் சிவகங்கை. பெற்றோருக்குப் பொருள் வாங்கிக் கொடுக்கிறவர்கள் பில் போடும்போதே இதை யோசித்துக்கொள்வது நல்லது.

அங்கெல்லாம் போக வேண்டி வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலை கடையிலிருந்து போன். மறுநாள் குட்டியானை வாசலில் நின்றது. வந்தவர்கள் வேறு பையன்கள். ஆத்தா அவர்களுக்குக் காபி கொடுத்தார், பிறகு நோட்டை எடுத்தார். இன்ன தேதி, இன்ன சீரியல் நம்பர் ஃபிரிட்ஜ், இன்ன நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பெயரும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் தூக்கவிட்டார். அவர்களில் ஒருவன், "எதுக்கு ஆச்சி இதெல்லாம்" என்றான். "நாளைக்கு உங்க முதலாளி வந்து என்கிட்ட கேட்டா?" என்றார் ஆத்தா. 600 ரூபாயைக் கடையில் தந்துவிட்டார்கள், மறுவாரம் ஸ்டெபிலைசர் வாங்கிய பில்லில் கழித்து.

ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் அதன் இரும்பு ஸ்டாண்டின் நாலு கால்களும் துருவாகப் பதிந்திருந்தன. தரையில் பதித்திருக்கிற ஆத்தங்குடிக் கல், சிமெண்டும் மணலும் சாயமும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது. அதில் துரு இறங்கினால் மேலே தேய்த்துப் போகாது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தோம், எலுமிச்சையை அதன் மேல் வைக்கக்கூடாது என்று கல் பதிக்கிறவர் சொல்லிவிட்டார், சாயம் போய்விடுமாம். ஆத்தங்குடியில் அந்தப் பூவேலையில் நாலு கல் வார்த்துத் தருகிறேன் என்கிறார்கள், ஆனால் தொண்ணூறு வருடக் கல்லுக்கு நடுவே புதியது தனியாகத் தெரியும். ஆத்தா வேண்டாம் என்றுவிட்டார். அந்த நஷ்டத்தை நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பழையது வந்து நின்ற முதல் வாரமே ஒரு பலகையை அடியில் போட்டிருக்கலாம், முதல் மாதமே கடிதம் எழுதியிருக்கலாம். பதிமூன்று மாதம் போனில் பேசியதால் எங்களிடம் எந்தச் சாட்சியும் மிஞ்சவில்லை. ஒரே ஒரு தாள் இருபத்து நான்கு நாளில் வண்டியைக் கொண்டுவந்தது.

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். மெத்தை வீட்டு ஆச்சி இணையத்தில் வாங்கியவர். மகன் வாங்கிக் கொடுத்தது, நடுவில் குழிவிழுந்தது, கம்பெனி வேறு மெத்தை அனுப்பியது. பழையதைப் பற்றிக் கேட்டதற்கு, "அதை யாருக்காவது கொடுத்துடுங்க மேடம்" என்று போனில் சொல்லியிருக்கிறார்கள். மெத்தைக் கம்பெனிகள் இப்படிச் சொல்வது வழக்கம்தான், திரும்ப எடுத்தாலும் அவர்களால் மறுபடி விற்க முடியாது. ஆனால் ஆச்சி ஐந்து மாதமாகக் கொடுக்கவில்லை. போனில் யாரோ சொன்னதை வைத்து எப்படிக் கொடுப்பது என்கிறார். அவர் பயம் சரியானது. வாயால் சொன்னவர் நாளைக்கு அங்கே வேலையில் இருக்க மாட்டார். நான் அவர் மகனிடம் சொல்லி ஒரு மின்னஞ்சல் போடச் சொன்னேன். ஆர்டர் எண், பழைய மெத்தை உங்களுக்குத் தேவையில்லை, நாங்கள் வைத்துக்கொள்ளவோ கொடுக்கவோ செய்யலாம் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள், அல்லது இந்தத் தேதிக்குள் வந்து எடுங்கள். இரண்டே வரி. மூன்றாம் நாள் பதில் வந்துவிட்டது, வைத்துக்கொள்ளுங்கள் என்று. அதை அச்செடுத்துப் பார்த்த பிறகுதான், ஆச்சி வீட்டு வேலைக்கு வரும் அக்காவை வண்டியோடு வரச் சொன்னார்.

வாஷிங் மெஷின் வீட்டு ஆச்சிக்கு மின்னஞ்சல் எல்லாம் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான் எழுதியதில் "வேண்டுகிறேன்" என்று இருந்ததை அடித்துவிட்டு "எடுத்துச் செல்லவும்" என்று போடச் சொன்னார். சீரியல் நம்பர் மெஷினின் பின்பக்கம் சுவரோடு ஒட்டி இருந்தது, டார்ச் அடித்துப் போட்டோ எடுத்தோம். அடியில் இரண்டு பலகை போட்டோம். கடிதத்தைப் பள்ளத்தூர் தபால் நிலையத்தில் சேர்த்துவிட்டு ரசீதை அவர் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒன்பதாம் நாள். காலையில் போன் செய்தார், இன்னும் இருபத்தோரு நாள் இருக்கிறது என்றேன். காலண்டரில் கிழித்துக்கொண்டு வருகிறாராம்.